பாட்டுக்கு அர்த்தம் கேட்ட கல்யாணம்

இசைத்தட்டுக்கு இரண்டு பக்கம் வைத்தவனை நான் இன்றும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு பக்கம் கல்யாணத்துக்கு ஏற்ற பாட்டு. திருப்பிப் போட்டால் அழுகைப் பாட்டு. எந்த மடையன் இப்படி ஜோடி சேர்த்தானோ தெரியவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் அன்னவாசலில் ஒருவரிடம் மைக் செட் வேலை பார்த்தேன். விசேஷ வீட்டு மரத்தில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிவிட்டு, கீழே மேஜை போட்டு உட்கார்ந்து ரெக்கார்டு போடவேண்டும். தாலி ஏறும்வரை சோகப் பாட்டு கூடாது. எங்கள் பக்கத்து ஜனங்கள் பாட்டைப் பாட்டாகக் கேட்கமாட்டார்கள். இது யார் யாருக்குச் சொல்லிவிட்ட சேதி என்று பார்ப்பார்கள். காசு கொடுத்து, பங்காளியைக் குத்துகிற பாட்டாகப் பார்த்துப் போடச் சொல்கிற ஆட்களும் இருந்தார்கள். அதனால் சந்தேகத்தில் நியாயமும் உண்டு.

பக்கத்துக் கிராமத்தில் ஒரு கல்யாணம். பெண்ணின் தாய்மாமன் கறம்பக்குடியிலிருந்து சீர் கொண்டுவந்தார். பெண்ணின் அம்மாவுக்கு அவர் ஒரே தம்பி. அக்காள் தம்பிக்குத் தாய் தகப்பன் இரண்டு பேரும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்காள் வீடு கட்டிக் குடிபுகுந்தபோது, அக்காள் புருஷன் நேரில் போய் அழைக்காமல் ஒரு கார்டு போட்டுவிட்டார். மைத்துனனுக்கு அந்த வருத்தம் இருந்தது. இருந்தும் மருமகள் கல்யாணம் என்று வந்தார்.

சீர் கொண்டுவருகிற மாமன் தானாகப் பந்தலுக்குள் நுழைய மாட்டார். பெண் வீட்டார் மேளத்தோடு போய் எதிர்கொண்டு அழைத்துவர வேண்டும். அவர் பஸ்ஸை விட்டு இறங்கி, தட்டு தூக்கிய ஏழெட்டுப் பேருடன் ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்றார். அன்று பார்த்து மாப்பிள்ளை வீட்டாரும் சீக்கிரம் வந்துவிட்டார்கள். இருந்தது ஒரே மேளம். அது அவர்களை அழைக்கப் போய்விட்டது. மாமன் நிற்கிறார் என்று ஒரு ஆள் வந்து சொன்னதை நானே கேட்டேன். “நிக்கட்டும், என்ன இப்ப?” என்றார் பெண்ணின் தகப்பனார். முக்கால் மணி நேரம் நின்றார்கள். தட்டில் பூ வாடிவிட்டது.

அப்போதுதான் நான் ரெக்கார்டைத் திருப்பிப் போட்டேன். பாட்டரிக் கம்பி சூடாகிறதே என்று அதைப் பார்த்துக்கொண்டே கை தன் பாட்டுக்குத் திருப்பியது. ஊரையே அழைத்தாய், என்னை மறந்தாய், பந்தியில் எல்லாருக்கும் இலை விழுந்தது, எனக்கு மட்டும் வாசல்தானா என்கிற மாதிரி அந்தப் பாட்டு. புளியமரம் வரைக்கும் கணீரென்று கேட்டிருக்கிறது. காதில் விழுந்ததும் ஊசியைத் தூக்கினேன். அதுதான் பெரிய தப்பு. பாதியில் நிறுத்தியதும், வேண்டுமென்றே போட்டுவிட்டுப் பயந்து எடுத்தது போல ஆகிவிட்டது.

தன் வருத்தத்தையே பாட்டாகப் போட்டுக் கேலி பண்ணுகிறார்கள் என்று மாமன் தட்டுகளைத் திருப்பச் சொல்லிவிட்டாராம், செய்தி வந்தது. பெண்ணின் அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

“ஏப்பா, நீ வந்து சொல்லுப்பா. அந்தப் பாட்டு அவனச் சொல்லலன்னு அர்த்தம் சொல்லுப்பா. அவன் போயிட்டான்னா எனக்குப் பொறந்த வீடே இல்லப்பா.”

போனேன். எனக்குப் பாட்டுக்கு அர்த்தம் என்ன தெரியும்? அது வருகிற படத்தைக்கூட நான் பார்த்ததில்லை. காதலிக்கிறவள் பாடுகிற பாட்டு என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். காதலிக்கிறவள் எதற்கு இலையைப் பற்றிப் பாடுகிறாள் என்று மாமன் கேட்டார். நியாயமான கேள்வி. பின்னாலேயே வந்த வாத்தியார் ஒருவர், இது கடவுளைப் பார்த்து ஆத்மா ஏங்குவது, பந்தி என்றால் மோட்சம் என்று விளக்க ஆரம்பித்தார். தட்டு தூக்கிவந்தவர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். சமையல்காரர் தன் பங்குக்கு, மூத்த தாரத்து மகள் பாடுவது என்றார். ஆளுக்கொரு அர்த்தம் சொல்லச் சொல்ல, எல்லாரும் சேர்ந்து எதையோ மூடி மறைப்பது போலத்தான் இருந்தது. எனக்கே அப்படித் தோன்றியது.

கடைசியில் பெண்ணின் தகப்பனார் வந்தார். ஒரு வார்த்தை “வாங்க” என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லவில்லை.

“பாட்டுக்கே இந்தக் கோவமுன்னா, கூத்துக் கட்டியிருந்தா என்ன பண்ணியிருப்பாரோ?”

மாமன் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு புதுக்கோட்டை பஸ் வருகிற பக்கம் திரும்பி நின்றார். அக்காள் அவர் முன்னால் போய் நின்று அழுதாள். அவர் அவளைத் திட்டவும் இல்லை, பார்க்கவும் இல்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டார்கள். ஒன்றுவிட்ட மாமன் ஒருவரைப் பிடித்து நிறுத்தி முறை செய்து கல்யாணத்தை முடித்தார்கள். தாலி கட்டும்போது நான் மங்கள வாத்திய ரெக்கார்டு போட்டேன்.

நாலைந்து மாதம் கழித்து அந்தப் படம் புதுக்கோட்டைக்கு மறுபடி வந்தது. போய்ப் பார்த்தேன். கால் ஊனமான ஒரு சின்னப் பெண் பள்ளிக்கூட விழாவிலும் விருந்திலும் தன்னைச் சேர்க்கவில்லை என்று பாடுகிறாள். கல்யாணமும் இல்லை, மாமனும் இல்லை. கொட்டகை வாசலில் பாட்டுப் புஸ்தகம் ஒன்று வாங்கிக்கொண்டேன். பெண்ணின் அம்மாவிடம் சொன்னதும், அன்றைக்கே கறம்பக்குடிக்குப் போகச் சொன்னாள். போனேன்.

மாமன் என்னை அடையாளம் கண்டுகொண்டார். உட்காரச் சொன்னார், சாப்பிடச் சொன்னார். நல்ல மனிதர், அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. புஸ்தகத்தைக் காட்டிக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அந்தப் பக்கத்தை வாங்கி அவரே எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“நீங்க சொல்றது சரிதான் தம்பி. அந்தப் புள்ளைக்குத்தான் எழுதியிருக்கான். ஆனா நான் நின்னேன்ல? முக்கா மணி நேரம் நின்னேன். அதுக்கு எந்தப் புஸ்தகத்துல அர்த்தம் இருக்கு?”

புஸ்தகத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். கிளம்பும்போது அக்கா நன்றாக இருக்கிறாளா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். இருக்கிறாள் என்றேன்.

திரும்பி வந்து அக்காளிடம், தம்பி விசாரித்தார் என்று சொன்னேன். வருவதாகச் சொன்னானா என்று கேட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, முழுசாகப் பேச முடியவில்லை என்று பொய் சொன்னேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பாட்டைப் படித்துக் காட்டச் சொன்னாள். அன்று அடுப்படிப் புகையில் அவள் அதைச் சரியாகக் கேட்டிருக்கவில்லையாம். ராகமில்லாமல், பாடப் புத்தகம் மாதிரி வாசித்தேன். எனக்கு மட்டும் வாசல்தானா என்கிற இரண்டாவது வரி முடிந்ததும், “போதும்ப்பா” என்றாள்.

வெயிலில் காய்ந்துகொண்டிருந்த கடலையைக் கிளறப் போய்விட்டாள். நான் புஸ்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு சொல்லிக்கொள்ளாமலே வந்துவிட்டேன்.