தோளில் விழாத பாரம்

ஆன்டிகுவா நகரத்தில் பெரிய வெள்ளியன்று சிலுவை சுமக்கும் இயேசுவின் தேரைத் தோளில் தூக்காமல் நிக்கனோர் ஒரு வருஷமும் இருந்ததில்லை. தேர் சாயாமல் இருக்க, அங்கே தோள் உயரம் அளந்துதான் ஆளை நிறுத்துவார்கள். பாரம் தோளில் அழுந்தினால்தான் வேண்டுதல் பலிக்கும் என்பது அவர் எண்ணம்.

எழுபதைத் தாண்டினால் ஆள் குறுகிப் போவது ஊருக்கெல்லாம் தெரியும், அவருக்கு மட்டும் தெரியக்கூடாதாக்கும்! அளவெடுத்தபோது குதிகாலைத் தூக்கி நின்று பழைய இடத்தையே வாங்கிவிட்டார். பிறகுதான் பயம் பிடித்தது, தேரின் மரம் தோளுக்கு எட்டாதே என்று. வெள்ளிக்கிழமை காலையில் ஒரு தடித்த துண்டை மடித்து ஊதா அங்கிக்குள் தோளில் வைத்துக்கொண்டார். அது கால் இரண்டும் விழுந்துவிட்ட மனைவி எலோடியாவின் துண்டு. இடுப்புக்கு அடியில் கொடுத்து அவளைத் தூக்குவது அதை வைத்துத்தான்.

"அண்ணியக் கொஞ்சம் பாத்துக்கம்மா" என்று பக்கத்து வீட்டு ஒதிலியாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

தெருவெல்லாம் வண்ண மரத்தூளில் பூப்பூவாய்ப் பரப்பியிருந்தார்கள். அவர் முறை வந்தது. தேர் ஒரு ஆட்டம் ஆடியதும் துண்டு நழுவி, அங்கிக்கு அடியில் வந்து மரத்தூளில் விழுந்தது.

பின்னால் நின்ற ருத்திலியோ விடுவாரா? "என்ன பெருசு, சாமிக்கு மெத்தை போட்டுத் தூக்குறீரா? மரம் உம்ம மேல படவே இல்லையே, சும்மா காத்து வாங்கிட்டு வர்றீரு!"

வரிசையே சிரித்தது. துண்டைப் பொறுக்கிக்கொண்டு, வெறும் தோளோடு தெருமுனை வரை நடந்தார். அவமானத்தில் காது எரிந்தது.

வீட்டு வாசலில் ஒதிலியா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"என்னால ஒத்தையில தூக்க முடியலண்ணே. துண்டையும் காணோம். அண்ணி காலையிலருந்து நனைஞ்சே உக்காந்திருக்காங்க."

அவர் கையில் தொங்கிய துண்டை எலோடியா பார்த்துவிட்டாள்.

"பாரம் தோள்ல விழுந்துச்சா?"

"இல்ல." நடந்ததையெல்லாம் சொன்னார். "ஊர் முன்னாடி மானம் போச்சு எலோடியா."

"போனா போகட்டும். சாமியத் தூக்க எம்பது பேரு இருக்காங்க. எனக்கு நீங்க ஒருத்தர்தான். மொதல்ல தூக்குங்க, குளுருது."

ஊர் சிரித்தபோது வந்த வெட்கம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. தேரடியில் மூன்று முறை சிலுவை போட்டுக்கொள்பவர், இவளைத் தினமும் சோள மூட்டையைத் தூக்குவதுபோல் முணுமுணுத்துக்கொண்டே தூக்கியிருக்கிறார். இன்று கை தானாக நெற்றிக்குப் போனது.

குனிந்தார். அவள் அவர் கழுத்தில் கையைப் போட்டு முழுப் பாரத்தையும் அவர் தோளில் சாய்த்தாள். தேர் மரம் அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன அதே இடம். குனிந்தவருக்கு உயரம் சரியாகவே இருந்தது. அவள் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.

"அழுவுறீங்களா? இறக்கி வச்சுட்டு அழுங்க. கீழ போட்டுறாதீங்க."