முதல் பதினைந்து நிமிடம்

நர்ஸாக இருக்கும் என் அக்காவுக்கு வார்டில் வைத்திருக்கும் பெயர் ஸ்டூல் சிஸ்டர். யாருக்காவது முதல் முறையாக ஆன்டிபயாடிக் ஏற்றினால், ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கட்டிலருகே பதினைந்து நிமிடம் உட்கார்ந்துவிடுவாள். பக்கத்துக் கட்டில்காரர் கூப்பிட்டாலும் வேறு நர்ஸைத்தான் அனுப்புவாள்.

அதற்கு முன் ஒரு விசாரணை உண்டு. “ஏதாவது மருந்து ஒத்துக்காம போயிருக்கா? தடிப்பு, அரிப்பு, மூச்சு முட்டல்?” இல்லை என்றாலும் விடமாட்டாள். “சின்ன வயசுல? பிரசவத்தப்போ?” ஒருமுறை நரைத்த மீசைக்கார லாரி டிரைவரிடமே வேகத்தில் பிரசவத்தைப் பற்றிக் கேட்டுவிட்டாள். “இதுவரைக்கும் ஆகலைம்மா” என்றாராம் அவர்.

வீட்டில் காய்ச்சல் மாத்திரை கேட்டாலும் இதே பாட்டுதான். நான் சிடுசிடுப்பேன். ஆனாலும் அவள்மேல் எனக்கு உயிர்.

போன வருடம் அம்மாவுக்குக் கால் வீங்கிச் சீழ் வைத்தது. அக்காவின் வார்டிலேயே ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. நோயாளி விவரத் தாளில் ‘ஒத்துக்கொள்ளாத மருந்து’ என்ற கட்டத்தில் அக்கா மளமளவென்று ‘இல்லை’ என்று எழுதினாள்.

“அம்மாகிட்ட கேக்கலையா?” என்றேன்.

“நம்ம அம்மாவைப் பத்தி எனக்குத் தெரியாதாடா?”

மருந்து சொட்டத் தொடங்கியது. அக்கா வழக்கம்போல உட்கார்ந்தாள்.

“எந்திரிச்சுப் போடி. அம்மாவை மட்டும் கொஞ்சுறாள்னு நாலு பேர் பேசுவாங்க.”

“எல்லாருக்கும் இப்படித்தாம்மா.”

ஏழெட்டு நிமிடம் போயிருக்கும். போர்வைக்குள் அம்மாவின் கை அசைந்துகொண்டே இருந்தது. முகத்தில் எதையும் காட்டவில்லை. அக்கா போர்வையை விலக்கினாள். வயிறு முழுக்கச் சிவந்த தடிப்பு. மகள் வேலை செய்யும் இடத்தில் மகளுக்குக் கெட்ட பெயர் வரக்கூடாதென்று ஒளித்துச் சொறிந்திருக்கிறாள், மகராசி!

“தொண்டைல லேசா அடைக்குது. ஒண்ணுமில்லடி.”

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அக்கா மருந்தை நிறுத்தினாள். நரம்பில் இருந்த ஊசியை அப்படியே விட்டு, குழாயை மட்டும் கழற்றிப் புதுக் குழாயில் வெறும் சலைன் மாட்டினாள். டாக்டரைக் கூப்பிட்ட சத்தம் மாடிப்படி வரை கேட்டிருக்கும். அவர் ஓடி வந்ததும் தொடையில் ஒரு ஊசி, மூக்கில் ஆக்ஸிஜன். அரை மணியில் அம்மாவின் மூச்சு சீரானது.

“நீ பொறந்தப்போ ஒரு ஊசி போட்டாங்க. அப்பவும் இப்படித்தான் தடிச்சுது” என்றாள் அம்மா அக்காவிடம்.

“ஏம்மா சொல்லல?”

“நீ கேக்கலையே.”

அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு தாங்கவில்லை.

தலைமை நர்ஸ் அவள் தோளைத் தட்டினார். “சரியான நேரத்துல புடிச்சுட்ட. தாள்ல அதைத் திருத்திடு, போதும்.” நானும் அதையேதான் சொன்னேன்.

அக்கா தவறுகளைப் பதியும் நோட்டை எடுத்தாள். நின்றபடியே எழுதி, கையெழுத்தும் போட்டாள்: ‘நோயாளியிடம் கேட்காமல் இல்லை என்று எழுதியது நான். அவர் என் அம்மா என்பதால் கேட்கவில்லை.’