எப்ப கெளம்புற?

நர்ஸிங் முடித்த பிறகு கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்தேன். தீவிர சிகிச்சைப் பிரிவு. நெய்வேலி குவார்ட்டர்ஸிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன்.

அங்கே ஒரு பெரியவர் பல நாள் சுயநினைவில்லாமல் கிடந்தார். சளியை உறிஞ்சி எடுப்பது, படுக்கைப்புண் வராமல் புரட்டிப் போடுவது எல்லாம் நான்தான். அவர் பிழைத்து வார்டுக்கு மாறிய அன்று அவருடைய மகன் டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு என் பக்கம் திரும்பி ஃபிளாஸ்க்கை நீட்டினார்.

"ஏம்மா, கேன்டீன்ல காபி வாங்கிகினு வந்துடுறியா?"

வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். அன்று பஸ் வடலூரைத் தாண்டும்போது வெளிநாடு போவதென்று முடிவு செய்துவிட்டேன். பணத்துக்காகப் போகிறேன் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அதுவும் பொய்யில்லை.

அப்பாவுக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. சொந்த ஊரை விட்டு இளவயதிலேயே நெய்வேலிக்கு வந்தவர். அவரிடம் முடிவைச் சொன்னேன்.

"நானும் இப்படிக் கெளம்பி வந்தவன்தான். உன்னைப் போகாதன்னு சொல்ல வாய் வரல" என்றார்.

மஸ்கட் மருத்துவமனையில் சேர்ந்த சில நாட்களில், ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர் ஒரு நோயாளியின் கட்டிலருகே நின்று, நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டார். என்னைத்தான் கேட்கிறார் என்று புரியவே கொஞ்ச நேரமானது. சொன்னேன். தலையசைத்துவிட்டு நகர்ந்தார்.

அதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. அறைத்தோழி டியூட்டிக்குப் போயிருந்தாள். வெள்ளிக்கிழமைதான் அப்பா பக்கத்து வீட்டு போனுக்கு வருவார். அதற்குள் சொல்லும் ஆசை வற்றிவிட்டது.

"அங்க மரியாதையா நடத்துறாங்களாம்மா?"

"நடத்துறாங்கப்பா."

பிறகு அப்பா போனை வைத்துவிட்டார்.

அப்பா ரிட்டயரானதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து வடலூரில் வாடகைக்குப் போனார்கள். முதல் விடுமுறையில் நான் இறங்கியது அந்த வீட்டில்தான். சுவிட்ச் எங்கே இருக்கிறதென்று தெரியாமல் இருட்டில் தடவினேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு நெய்வேலி சர்ச்சுக்குப் போனேன். எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் பிரியமாகத்தான் விசாரித்தார்கள்.

"எப்ப கெளம்புற?"

தேதியைச் சொன்னேன். அது வர இன்னும் நாள் இருந்தது. ஆனால் பிற்பகலே பெட்டியைத் திறந்து துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்தேன். அம்மா வாசலில் நின்று பார்த்தாள். உள்ளே வந்து மறுமுனையைப் பிடித்துப் புடவையை மடிக்க உதவினாள்.