சிமெண்ட் பூசிய புற்று

எனக்குப் பாம்பு என்றால் பாதி உயிர் போய்விடும். அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய், பின்கதவைத் திறந்தால் பாம்புப் புற்று தெரிகிற வீட்டில் குடிவைத்தார் என் கணவர். ஐம்பதுகளின் தொடக்கம். அடுகோடி என்கிற வெளிமாநில ஊரில், ஒரே ஓட்டுக் கூரையின் கீழ் வரிசையாகச் சில வீடுகள், எல்லாம் மில் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள். பின்னால் ஆள் நுழைய முடியாத உண்ணிச்செடிப் புதர். அதைத் தாண்டிக் கேழ்வரகுக் கொல்லை, அப்பால் ஏரி. புதருக்கு நடுவில் என் உயரத்துக்கு நின்றது புற்று.

"நல்லா காத்து வரும்னுதான் இந்த வீட்டப் புடிச்சேன்" என்றார். காற்று வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஒருநாள் காலையில் தண்ணீர்த் தொட்டியின் ஓரமாக ஒரு நல்ல பாம்பும் வந்தது. கையில் சொம்போடு நான் மரமாக நின்றேன். அது என்னை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் புதருக்குள் போய்விட்டது. எனக்குத்தான் இரண்டு நாள் ஜுரம்.

அப்போது என் பெண் கைக்குழந்தை. பயமெல்லாம் அவளுக்காகத்தான். தூளியை என் கைக்கு எட்டுகிற மட்டும் உயரமாகக் கட்டினேன். அவளைப் படுக்கவைக்கும் முன் துணியை உதறி, தட்டி, மறுபடியும் உதறுவேன். என் கணவரின் அக்கா, புருஷன் போன பிறகு எங்களோடு இருந்தவர், இதைப் பார்த்துச் சிரிப்பார். வீட்டை மட்டுமல்ல, அந்த வரிசையையே கட்டி ஆண்டவர் அவர். வெள்ளிக்கிழமை தவறாமல் புற்றுக்குப் பால் ஊற்றி முட்டை வைப்பார். "அம்மன் அவ பாட்டுக்கு இருக்கா. நீதான் பயந்து பயந்து சாவுற" என்பார்.

ஆடி மாதம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. அம்மனை இப்படி முள்ளிலும் புதரிலும் விட்டுவைக்கலாமா, சுத்தம் செய்து கோயிலாகக் கட்டுவோம் என்றார். வரிசையில் இருந்த பெண்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். முதல் ஆளாக அரிவாளை எடுத்தது நான். அவருக்கு பக்தி, எனக்குப் பயம். வேலை என்னவோ ஒன்றுதான்.

புதரை வெட்டி நெருப்பு வைத்தோம். குட்டிகளோடு ஒரு கீரி எங்கள் கால்களுக்கிடையே ஓடியது. புதரோரத்து இலவமரப் பொந்தில் இருந்த ஆந்தை புகை தாங்காமல் பட்டப்பகலில் தடுமாறிப் பறந்தது. புற்றுக்குச் சிமெண்ட் பூசி, மஞ்சள் அடித்து, வெள்ளிக் கண் பதித்தோம். ஊற்றுகிற பால் உள்ளே இறங்கிப் புற்று கரைந்துவிடக் கூடாதே என்று துளைகளை எல்லாம் அடைத்தோம். பாம்புக்கு வீடு கட்டுகிறோம் என்று சொல்லிக்கொண்டே அதன் வாசலை அடைத்தது எங்களில் ஒருத்திக்கும் உறைக்கவில்லை. அன்றிலிருந்து பாம்பைக் காணோம். நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

கேழ்வரகு அறுப்பு முடிந்ததும் எலிகள் வந்தன. முதலில் ஓட்டுக்குள் ஓடுகிற சத்தம். பிறகு மூட்டையில் ஓட்டை. பிறகு சோப்பு, விளக்குத் திரி, செருப்பு வார் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. முன்பு புதரில் எத்தனை வாய்கள் இவற்றைத் தின்றுகொண்டிருந்தன என்று யார் கண்டோம்? பூனை ஒன்றைக் கொண்டுவந்தோம். அது இரண்டாம் நாளே ஓடிவிட்டது.

ஒரு மத்தியானம் நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். குழந்தை வீரிட்டாள். ஓடிப் போய்ப் பார்த்தால், தூளிக் கயிற்றின் வழியாக ஒரு எலி ஏறி உத்தரத்துக்குப் போகிறது. குழந்தையின் கால் கட்டைவிரலில் ரத்தம்.

இரண்டொரு நாளில் அவள் உடம்பு கொதித்தது. அக்காவின் முகம் வெளுத்துப்போனது. அவர் சிறுமியாக இருந்தபோது, வீட்டில் எலி செத்து விழ, பிளேக் என்று எல்லாரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே கீற்றுக் கொட்டகையில் போய் இருந்தார்களாம். அங்கே ஒரு தம்பி போய்விட்டான். அதை அதுவரை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. "அக்குளுல கட்டி இருக்குதா பாருடி. என்னால முடியாது, நீ பாரு" என்றார். பிஞ்சு அக்குளில் விரலை வைத்து அழுத்தினேன். என் விரல் மரத்துப்போயிருந்தது, எது கட்டி எது எலும்பு என்றே தெரியவில்லை.

ஜட்கா வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிளேக் இல்லை, எலிக்கடி ஜுரம் என்றார் டாக்டர். ஊசி போட்டார். ஜுரம் விட்டது என்று மூச்சு விட்டோம், திரும்ப வந்தது. இரண்டாவது தடவை வந்தபோது அவளை நான் இழந்துவிட்டேன் என்றே நினைத்தேன். எப்படியோ பிழைத்தாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த வெள்ளிக்கிழமை, அக்கா வழக்கம் போலப் பால் சொம்போடு போனார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் போனேன். சிமெண்டின் மேல் ஊற்றிய பால் வழிந்து தரையில் தேங்கியது. எலிகள் வந்தன. நல்ல வெயிலில், எங்கள் காலடியில் வந்து நக்கின. நான் காலை ஓங்கித் தரையில் உதைத்தேன். ஒன்றுகூட நகரவில்லை.

அக்கா சொம்பைக் கீழே வைத்தார். உள்ளே போய்க் கடப்பாரையோடு வந்தார். "மன்னிச்சிக்க தாயே, வாசலத் தெறந்துடறேன், வந்துடு" என்று அழுதுகொண்டே மஞ்சள் பூச்சை இடித்தார். பெண்கள் கூச்சல் போட்டார்கள், தடுக்க ஒருத்திக்கும் தைரியம் வரவில்லை. பழைய துளைகள் திறந்தன.

பாம்பு வரவில்லை. வர ஒரு புதர் வேண்டாமா, சுற்றிலும் வெறும் கட்டாந்தரை. பாம்பு என்றாலே நடுங்குகிற நான், தினமும் சாயங்காலம் துளை வாயில் ஒரு முட்டை வைத்து, வா வா என்று வேண்டிக்கொண்டேன். விடிந்ததும் ஓடிப் போய்ப் பார்ப்பேன். முட்டை இருக்காது. சுற்றிலும் எலிப் புழுக்கை கிடக்கும்.