வாலாஜாபாத்தில் இறக்கிவைத்த பெட்டி

காஞ்சிபுரத்தில் நான் பாடம் நடத்தும் பாலிடெக்னிக்கில், கையோடு தூக்கிச் செல்லக்கூடிய பழைய கணினிகளின் கண்காட்சி ஒன்றுக்கு ஏற்பாடு செய்திருந்தோம். டார்ச் பேட்டரியில் ஓடிய, நோட்டுப் புத்தகம் போன்ற ஒன்று கிடைத்திருந்தது. திரையை மடித்து மூடுகிற ஒன்றும் வந்துவிட்டது. ஆனால் கணினியை வீட்டைவிட்டு வெளியே எடுத்துப் போகலாம் என்று ஜனங்களை நம்பவைத்தவை சூட்கேஸ் அளவுப் பெட்டிகள்தான். என்னைக் கேட்டால் அவைதான் முக்கியம். அப்படியொன்றைச் சென்னையில் பழைய சாமான் கடையில் பிடித்து, தாம்பரத்தில் பஸ் ஏறினேன்.

ஒரகடம் தாண்டியதும் பக்கத்து சீட்டுப் பெண்மணி, மடியிலிருந்த பட்டு நூல் மூட்டையை அணைத்துக்கொண்டு என் காலடியிலிருந்த பெட்டியைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, ஒயரெல்லாம் தொங்குது?"

"பழைய கம்ப்யூட்டர்மா."

"எங்க வூட்லயும்தான் லேப்டாப் இருக்குது. இப்பிடியா இருக்கும்?"

எழுந்து கண்டக்டரிடம் போனார். பின்சீட்டில் யாரோ 'குண்டு' என்றார்கள். அதன்பிறகு நான் சொன்னது எதுவும் யார் காதிலும் ஏறவில்லை.

வாலாஜாபாத்தில் எல்லாரும் முண்டியடித்து இறங்கினார்கள். கண்டக்டர் தூரத்திலிருந்து கத்தினார்: "நீயே தூக்கினு எறங்கும்மா!" அத்தனை கனத்தையும் தூக்கி ஒரு டீக்கடை முன்னால் வைத்தேன். சுற்றிலும் செல்போன்கள் என்னைப் படம்பிடித்தன.

பெண் எஸ்.ஐ. ஒருவர் வந்தார். மூடியைத் திறந்து சின்னத் திரையையும் விசைப்பலகையையும் காட்டினேன். அவர் நம்பிவிட்டார்.

"ஆன் பண்ணிக் காட்டுங்க. அப்பதான் இவங்க பஸ் ஏறுவாங்க."

உள்ளே ஒரு பாகத்தை மாற்றாமல் கரண்ட் கொடுக்காதீர்கள் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். பதற்றத்தில் உளறினேன்: "வேணாம் மேடம், வெடிச்சாலும் வெடிக்கும்."

கூட்டம் அலறிப் பின்வாங்கியது. எஸ்.ஐ.யின் முகம் மாறியது.

"இன்னாம்மா சொல்றீங்க?"

விளக்க முயன்றேன், கூட்டத்தின் கூச்சலில் எடுபடவில்லை. கடைசியில் டீக்கடை ப்ளக்கில் நானே சொருகி, கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைத் தட்டினேன். திரையில் பச்சை எழுத்துகள் வந்தன. மூச்சு விடுவதற்குள் 'டப்' என்று சத்தம்; பின்பக்கமிருந்து குபுகுபுவென்று புகை. பாய்லரை அப்படியே விட்டுவிட்டு டீ மாஸ்டர் ஓடினார். நான் ப்ளக்கைப் பிடுங்கி எறிந்தேன்.

எஸ்.ஐ. மட்டும் நகரவில்லை. புகை அடங்கியதும் மெதுவாகக் கேட்டார்: "அவ்ளோதானா?"

"அவ்ளோதான் மேடம்."

"போங்க. ஆனா பஸ்ல வேணாம்."

ஆட்டோ பிடித்தேன். உள்ளே கருகல் நாற்றம். டிரைவர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். பெட்டியில் என்ன என்று அவர் கேட்டபோது, தையல் மிஷின் என்று சொல்லிவைத்தேன்.