ஒஸ்லோவில் எரியும் புள்ளி

கொக்குவிலில் வீட்டிலிருந்தபடியே இணையத்தளங்கள் வடிவமைக்கிறேன். அண்ணன்மார் எல்லாரும் வெளிநாட்டில். வீட்டில் நான் மட்டுந்தான். இந்த முறை திருவிழாவுக்குக் கோப்பாய்க் கோயில் ஒன்றின் தளத்தைத் திருத்தினேன். பூசையை இணையத்தில் நேரலையாகப் பார்ப்பவர்களின் ஊர்களைப் பச்சைப் புள்ளிகளாகக் காட்டும் உலகப்படம் ஒன்று அதில் இருந்தது. இதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று, ஒருவரையும் கேட்காமல் எடுத்துவிட்டேன்.

மறுநாள், கோயிலில் என் எண்ணை வாங்கி, கோப்பாயிலிருந்து ஒரு அம்மா தொலைபேசியில் அழைத்தார்.

“பிள்ளை, அந்த உலகப்படம் எங்கை?”

“தேவையில்லை எண்டு எடுத்திட்டன் அன்ரி. சாமி வடிவாத் தெரியுதுதானே?”

“சாமியை நான் நேரிலை போய்க் கும்பிடுவன். படத்திலை ஒஸ்லோவிலை ஒரு புள்ளி எரியும். என்ரை மகன் அங்கைதான். என்னோடை கதைக்கிறேல்லை. புள்ளியைக் கண்டால், இருக்கிறான் எண்டு ஒரு ஆறுதல்.”

ஒஸ்லோவில் எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர். அந்தப் புள்ளி யாருடையதாகவும் இருக்கலாம். “இண்டைக்கே திரும்பப் போட்டுவிடுறன் அன்ரி” என்றேன்.

அன்றே படத்தைத் திரும்பப் போட்டேன். மாலைப் பூசை முடிந்ததும் புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஒஸ்லோவில் ஒன்றுமில்லை. கோப்பாயில் மட்டும் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில், கொக்குவிலில், என்னுடையது.

என் வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் பக்கத்தை மூடக் கை வரவில்லை. மூடினால் அந்த அம்மா தனித்துப்போவார்.