பட்டியலில் முதலாவதாக இருந்த புத்தகம்

வருடா வருடம் மார்கழி பிறக்கும் முன்பே மாத இதழின் ஆசிரியர் கூப்பிட்டுவிடுவார். "புத்தகக் கண்காட்சி வருது. புதுசா வந்ததுல படிக்க வேண்டியது ஒரு பத்து. கதை, கவிதை எல்லாம் வேற ஒருத்தர் பண்றார். உங்களுக்கு வழக்கமானதுதான்." வழக்கமானது என்றால் வரலாறு, தன்வரலாறு, ஊர்ச் செய்தி, உடல்நலம் என்று கதையல்லாத அத்தனையும். பதினோரு வருடமாக அந்தப் பட்டியலை நான்தான் எழுதுகிறேன்.

போன வருடம் முடியாது என்று சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். எனக்கு ஈக்காட்டுத்தாங்கலில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. பள்ளிக்கூட கைடு, கல்யாணப் பத்திரிகை, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் துண்டுத்தாள் என்று பகல் முழுவதும் எழுத்தோடுதான் கிடக்க வேண்டும். மந்தைவெளி வீட்டுக்கு வந்து சேரும்போது கண் எரியும். வலது கண்ணில் புரை விழ ஆரம்பித்திருக்கிறது, இப்போதைக்கு அறுவை வேண்டாம் என்கிறார் டாக்டர். இதையெல்லாம் ஆசிரியரிடம் விளக்கிச் சொல்வதற்கும் தெம்பு வேண்டுமே. "சரி சார்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பதினேழு புத்தகங்கள் வந்தன. சாப்பாட்டு மேசையில் அடுக்கினேன். நானும் என் கணவரும் ஒரு மாதம் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். அவர் தண்ணீர் சொம்பை எங்கே வைப்பது என்று மட்டும் தினமும் ஒரு தடவை கேட்பார்.

காணாமல்போன ஏரிகளைப் பற்றி ஒன்று. ஓய்வுபெற்ற ஒரு நர்ஸ் எழுதிய வாழ்க்கைக் கதை. சர்க்கரை நோயைப் பற்றி மட்டும் மூன்று. எல்லாவற்றையும் முழுக்கப் படித்தேன் என்று சொன்னால் அது பொய். முதல் நாலைந்து வருடம் அப்படித்தான் படித்தேன். அப்புறம் முன்னுரை, நடுவில் இரண்டு அத்தியாயம், கடைசி அத்தியாயம் என்று ஆகிவிட்டது. எதை எழுதினால் படித்தது போலத் தெரியும் என்பது பழக்கத்தில் வந்துவிடுகிறது.

முழுதாகப் படித்தது ஒன்றே ஒன்றுதான். நம் கடற்கரைக் குப்பங்களைப் பற்றி ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் எழுதியது. வருடக்கணக்காக அங்கே போய்ப் பேசிப் பழகி எழுதியிருக்கிறார் என்பது தெரிந்தது. எந்தக் காற்றுக்கு எந்த மீன் வரும் என்று ஓர் அத்தியாயம் முழுக்க இருந்தது. கிண்டி பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அதைப் படித்துக்கொண்டே என் பஸ்ஸை விட்டேன். நடுவில் ஒரு பெண்ணின் கதை. மீன்பிடிக்கப் போன கணவன் திரும்பவில்லை. செய்தி வந்த அன்று அவள் அழவில்லை, வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்தாள் என்று எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தின் மூலையை மடித்து வைத்தேன். பட்டியலில் அதை முதலாவதாக வைத்தேன். அந்த ஒரு காட்சிக்காகவே இந்த நூலை வாங்கலாம் என்றும் எழுதி அனுப்பிவிட்டேன்.

அனுப்பிய பிறகுதான் அந்த அத்தியாயத்தை இன்னொரு தடவை புரட்டினேன். அந்தப் பெண் மந்தைவெளியில் ஒரு தெருமுனையில், தூங்குமூஞ்சி மரத்தடியில் மீன் விற்பவள் என்று ஒரு வரி இருந்தது. இடது முழங்கையில் எண்ணெய் கொட்டிய தழும்பு. கழுத்தில் ஜெபமாலை. அது எனக்குப் பதினைந்து வருடமாக மீன் கொடுக்கும் அக்கா. முதல் வாசிப்பில் எப்படிக் கவனிக்காமல் போனேனோ தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புத்தகத்தையும் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

"வாமா. சங்கரா நல்லா கீது இன்னிக்கு."

"அரை கிலோ போடுங்கக்கா. உங்க குப்பத்துக்கு ஒரு பேராசிரியர் வந்து பேசினாரா?"

"கண்ணாடி போட்ட சாரா? நாலஞ்சு வாட்டி வந்தாரு. நல்ல மனுசன்."

"அவர் எழுதின புத்தகம் வந்திருக்கு. அதுல நீங்க வர்றீங்க."

அரிவாள்மணையில் கை நின்றது. "பேரு போட்டுக்கீதா?"

"பேர் போடல. ஆனா நீங்கதான்."

"எங்க, படி."

நின்றபடியே படித்தேன். பக்கத்தில் மீன் வாங்க வந்த ஒருவரும் காத்திருந்து கேட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். முடித்ததும், "அழலன்னா போட்டுக்கீது?" என்றாள்.

"ஆமா."

"வலையெல்லாம் நான் தொட்டதே இல்ல. எங்க ஊட்ல அது ஆம்பளைங்க வேல. அத்த உடு. அழலன்னு எப்டிமா எழுதலாம்? மூணு நாளு மணல்ல கெடந்து கத்தினேன். தொண்ட பூட்ச்சு. ரெண்டு மாசம் கூவி விக்க முடியல, என் தங்கச்சி வந்து கூவுனா. இந்தக் கொரலு பொறந்தப்பவே இப்டியா இருந்துச்சு?"

அவளுடைய குரல் கரகரவென்றுதான் இருக்கும். தெருவில் கூவிக் கூவி அப்படி ஆகியிருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாளும் கேட்டதில்லை.

"அந்த சார் வந்தது எல்லாம் ஆயி ரொம்ப வருசம் கழிச்சு. அவரு முன்னாடி நான் அழல, நெசந்தான். நான் சொல்லச் சொல்ல அவருதான் கண்ண தொடச்சிக்கினாரு." மீனைத் திருப்பிப் போட்டுச் செதிளைத் தேய்த்தாள். "பேரு இல்லன்னாலும் எங்காளுங்களுக்குத் தெரியும்மா. புருசன் பூட்டான், இவ வலை பின்னிக்கினு இருந்தாளாம்னு பேசுவாங்க. என் மருமவ படிச்சவ. அவ படிச்சா இன்னா நெனப்பா? அழுதேன்னு எழுதச் சொல்லு."

அவரிடம் சொல்கிறேன், நான் எழுதும் பத்திரிகையிலும் போடச் சொல்கிறேன் என்றேன். வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு இருந்தது கோபம் இல்லை. ஓர் அலுப்புதான். அந்தக் காட்சி எனக்கு அவ்வளவு பிடித்ததே அவள் அழாததால்தான். அழுதிருந்தால் எல்லாப் பெண்களையும் போல என்று பக்கத்தைப் புரட்டியிருப்பேன்.

பதிப்பகத்தில் கேட்டு அந்தப் பேராசிரியரின் எண்ணை வாங்கினேன். அவர் நான் சொன்னதை இடையில் பேசாமல் கேட்டுக்கொண்டார். அப்புறம், "வலை பின்னினது பக்கத்து வீட்டுப் பெரியவர்மா. என் நோட்டுல ரெண்டும் ஒரே பக்கத்துல இருக்கு. கலந்துட்டேன்" என்றார்.

"அழலன்னு எழுதினது, சார்?"

"என் முன்னாடி அழலன்னுதான் முதல்ல எழுதியிருந்தேன். திருத்தும்போது 'என் முன்னாடி'யை அடிச்சிட்டேன். அது இல்லாம வாக்கியம் நல்லா இருந்தது."

"எனக்கும் அதுதான் சார் பிடிச்சது" என்றேன். அவர் நேரில் போய்ப் பார்ப்பதாகச் சொன்னார்.

அடுத்து இதழாசிரியரைக் கூப்பிட்டேன். அந்தக் காட்சி நடந்தபடி எழுதப்படவில்லை, அந்தப் பெண்ணே என்னிடம் சொன்னாள் என்று இரண்டு வரி சேர்க்கக் கேட்டேன்.

"இது பரிந்துரைம்மா, விமர்சனம் இல்ல. படிங்கன்னும் சொல்லி, தப்புன்னும் சொன்னா வாசகர் என்ன செய்வார்? வேணும்னா புத்தகத்தையே எடுத்துடறேன். சர்க்கரை நோய்ல இன்னொண்ணு போட்டுக்கலாம்."

முன்னூற்றைம்பது பக்கம். நான் விசாரித்தது அதில் ஒரு பக்கத்தைத்தான். மற்றப் பக்கங்களில் ஒரு மனிதர் வெயிலில் நடந்து நடந்து சேர்த்தது இருக்கிறது. அதை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்கு மேல் வாதாடவும் முடியவில்லை. கடைசியில் அந்தக் காட்சியைப் புகழ்ந்திருந்த வரியை மட்டும் நீக்கச் சொன்னேன். புத்தகத்தை முதல் இடத்திலிருந்து ஏழாவது இடத்துக்கு இறக்கினேன். காரணம் எதுவும் எழுதவில்லை. பட்டியல் அப்படியே அச்சில் வந்தது. மயிலாப்பூரில் ஒரு கடையில் இரண்டு பேர் அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு புத்தகம் தேடியதைப் பார்த்தேன். நான் பக்கத்து வரிசைக்கு நகர்ந்துவிட்டேன்.

மூன்று வாரம் நான் அந்தத் தெருமுனைக்குப் போகவில்லை. மீன் வேண்டுமென்று கணவர் கேட்டபோது சூப்பர் மார்க்கெட்டில் வாங்கி வந்தேன். நாலாவது ஞாயிறு போனேன். அக்காவே பேச்சை எடுத்தாள்.

"அந்த சார் வந்தாரு. ஒரு புக்கு கொண்டாந்தாரு. என்னப் பத்தி கீற பக்கத்துல பேனாவால கோடு போட்டு அடிச்சிட்டு, ஓரத்துல எழுதிக் குடுத்தாரு. மூணு நாள் அழுதேன், தொண்ட பூட்ச்சு, தங்கச்சி கூவுனா, எல்லாம் எழுதிக்கீறாரு."

"மத்தப் புத்தகத்துல எல்லாம்?"

"அது மறுக்கா அடிக்கும்போது மாத்தறேன்னாரு. எப்ப அடிப்பாங்களோ, மாதாவுக்குத்தான் தெரியும்."

"உங்க மருமக படிச்சாங்களா?"

"ஓரத்துல கீறத அவதான் படிச்சுக் காட்டினா. அன்னிக்கு சோறு அவளே போட்டா, நானும் அவளும் ஒண்ணா உக்காந்து துன்னோம்." நெத்திலியை அள்ளித் தராசில் போட்டாள். "நீ இன்னா எழுதுன அந்தப் பத்திரிகைல?"

"ஒண்ணும் எழுதலக்கா. எழுத விடல. நானும் விட்டுட்டேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "கண்ணு ரெண்டும் செவந்து கீது. போய்த் தூங்குமா" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கவனிக்கத் திரும்பினாள்.

வீட்டுக்கு வந்து நெத்திலியைக் கணவரிடம் கொடுத்துவிட்டுப் படுத்தேன். மேசையில் அடுத்த இதழுக்கென்று வந்த நாலு புத்தகங்கள் உறை பிரிக்காமல் இருந்தன. சாயங்காலம் வரைக்கும் தூங்கினேன்.